மல்லிகை மண்

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் சேதுராமனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடவும் மாட்டார். கடைவீட்டின் முன்பக்கம் கூந்தல் தைலமும் முகப்பவுடரும் பன்னீரும் அடுக்கிய கண்ணாடி அலமாரி; பின்பக்கம் அவற்றைச் செய்யும் பட்டறை; வாசலுக்கு மேலே பலகையில் பெயரோடு அவருடைய முகமும். ஆள் பார்க்க லட்சணம், பேச்சில் வெல்லப்பாகு. ஆனால் அவருக்கு ஒரு குணம். சரக்கு நன்றாக வந்தால் “நான் செஞ்சேன்” என்பார். கெட்டுப்போனால் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். இந்தக் குணத்தை ஆழ அகலம் பார்த்து வைத்திருந்தவள் கோகிலா. அதை வைத்தே அவரைக் குப்புறத் தள்ளினாள்.

கோகிலா சிங்கப்பூரில் ரசாயனம் படித்தவள். படிப்பு முடிந்து மலாக்காவுக்குத் திரும்பி, அதே சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தியாகுவின் வீட்டில் தங்கி, சேதுராமனின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாடு வெள்ளைக்காரனிடமிருந்து கைமாறப் போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. இனி எல்லாச் சாமானும் இங்கேயே செய்ய வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். சேதுராமனும் முழங்கினார்.

அவர் பட்டறையில் மல்லிகை வாசம் செய்யும் லட்சணத்தைப் பார்த்தால் முழங்கத் தோன்றாது. மல்லிகைப் பூவின் வாசத்தில் பெரும்பங்கு ஒரே ஒரு பொருளுடையது. பென்சைல் அசிட்டேட் என்று பெயர். பீப்பாயில் வந்து இறங்கும் பென்சைல் ஆல்கஹாலோடு, ரப்பர் தோட்டங்களில் கித்தாப்பாலை உறைய வைக்கிற அசிட்டிக் அமிலத்தைக் கலந்து காய்ச்சினால் அது கிடைக்கும். ஆனால் இரண்டும் சோம்பேறிகள், தானாக ஒன்றுசேராது. நடுவில் ஒருவன் நின்று தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவனை வினையூக்கி என்பார்கள். சேதுராமன் அந்த வேலைக்குக் கந்தக அமிலத்தை வைத்திருந்தார். அது முரட்டுப் பயல். சரக்கைக் கருக்கும், பானையை அரிக்கும், எத்தனை கழுவினாலும் தீய்ந்த நாற்றத்தை விட்டுவிட்டுப் போகும். ஒருநாள் பானை கழுவும் பூங்காவனத்தின் முன்கையில் தெறித்து, தோலை உரித்துக்கொண்டு போனது. பூங்காவனம் தோட்டத்திலிருந்து வந்தவள். அம்மா என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டபடி நின்றாள்.

“கவனமா இருக்கக் கூடாதா நீ?” என்றார் சேதுராமன்.

அன்றைக்கே கோகிலா இந்த அமிலத்தைப் பட்டறையை விட்டு விரட்டுவது என்று முடிவு செய்தாள். தேங்காயெண்ணெய் ஆலையில் எண்ணெயை வெளுக்க ஒரு வகை வெள்ளை மண் போடுவார்கள். அதைக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்த அமிலத்தில் வேக வைத்து, மழைத் தண்ணீரில் புளிப்பு ஒழுகி ஓடும்வரை கழுவி, அடுப்பில் காய வைத்தாள். அமிலத்தின் குணம் மண்ணின் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கரையாது, தெறிக்காது. துணிப்பையில் கட்டிப் பானைக்குள் தொங்கவிட்டால் போதும். காய்ச்சி முடிந்ததும் பையைத் தூக்கி அடுத்த பானையில் போடலாம். சொல்வதற்கு எளிது. அவளுக்கு அது கைகூட எத்தனையோ மண், எத்தனையோ சூடு, எத்தனையோ வீணாய்ப்போன பானைகள். ஒவ்வொரு வீணுக்கும் சேதுராமன் வந்து நின்று, “படிச்ச பொண்ணுங்கறே, என்னம்மா இது?” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் வந்தது. தண்ணீர்போல நிறமே இல்லாமல் சொட்டியது. வாசம் சாலைக் கோடியில் இருந்த செட்டி கம்போங் என்ற குடியிருப்பு வரை போய், அங்கிருந்து இரண்டு பெண்கள் யார் வீட்டில் கல்யாணம் என்று மலாயில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பூங்காவனம் தழும்பு விழுந்த கையால் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேதுராமன் ஒரு சொட்டைப் புறங்கையில் தடவி, மோந்து, கண்ணை மூடி, “நான் அப்பவே நெனச்சேன்” என்றார்.

அந்தச் சரக்குக்கு மெர்டேக்கா மல்லிகை, அதாவது சுதந்திர மல்லிகை என்று பெயர் வைத்தார். சில வருஷம் அது நன்றாக விற்றது. சுதந்திரக் கொடி ஏறிய கையோடு ஊர்ப் பாடாங் திடலில் உள்ளூர்ச் சரக்குகளுக்கு ஒரு கண்காட்சி போட்டார்கள். சேதுராமன் மேடையேறி, தான் ஊண் உறக்கமில்லாமல் மண்ணோடு போராடி, அமிலத்தை விரட்டியடித்த கதையைச் சொன்னார். கோகிலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் இதோ வரும், இதோ வரும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், பாவம். கூட்டத்தில் யாரோ, “உங்க பட்டறையில ரசாயனம் படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்காமே?” என்று கேட்டார்கள்.

“அதுவா?” சேதுராமன் சிரித்தார். “குடுவை கழுவ வச்சிருக்கேன். நல்லாக் கழுவும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோகிலாவும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவமானப்பட்டதோடு விடாமல் அதற்குத் தானும் பல்லைக் காட்டினோமே என்று வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் நேராகப் போய்க் கேட்டாள். “மேடையில சொன்னதைத் திருத்திச் சொல்லுங்க சார். கூலியை ஏத்தச் சொல்லலே. முறை என்னுதுன்னு சொல்லுங்க, அது போதும்.”

“பொம்பளப் புள்ள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? வெவரம் புரியாம பேசாதே.”

“அப்ப நீங்க செஞ்சதுன்னு எப்படிச் சொன்னீங்க?”

சேதுராமனின் வெல்லப்பாகு அங்கேயே உறைந்துவிட்டது. “மண்ணு எங்கிட்ட இருக்கு. எப்படிக் காய்ச்சறதுன்னு என் ஆளுங்களுக்குத் தெரியும். இனிமே நீ எதுக்கு? நாளையிலருந்து வர வேணாம்” என்றார். பூங்காவனம் மட்டும் வாசல்வரை கூடவே வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்து போத்தல் கழுவினார்கள்.

தியாகு நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். ஆனால் தங்கை முகத்தைப் பார்த்து அவருக்கே கை பரபரத்தது. “வக்கீல் யாரையாச்சும் பாப்போமா?” என்றார்.

“வக்கீல்கிட்ட என்னத்தைக் காட்டறது அண்ணே? நான் தலையில வச்சிருக்கறதையா? அவர் வாயாலே சொல்லணும். மேடையில எப்படிச் சொன்னாரோ அப்படி, ஊர் கேக்கச் சொல்லணும். அதுக்குக் கொறஞ்சு எனக்கு எதுவும் வேணாம்.”

“அந்த ஆளு செத்தாலும் சொல்ல மாட்டான் லா.”

“நல்லது நடந்தா சொல்ல மாட்டாரு” என்றாள் கோகிலா.

சில நாளில் சேதி வந்தது. சிங்கப்பூர் சோப்பு நிறுவனம் ஒன்றின் ரசாயன நிபுணர், லிம் என்பவர், மண்ணில் மல்லிகை செய்யும் அதிசயத்தை நேரில் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் அவர்கள் சோப்புக்கெல்லாம் இங்கிருந்துதான் வாசனை போகும். சேதுராமன் நாள் பார்த்தார். புதுக் காரியம் தொடங்க விஜயதசமியைவிட நல்ல நாள் ஏது? வர்த்தகர் சங்கத் தலைவர் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார், பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டார், கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் அன்றைக்கே காய்ச்சிக் காட்டுவதாக அறிவித்தார்.

இதைத் தியாகு வந்து சொன்னபோது கோகிலா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விஜயதசமி என்றதும் கை நின்றது. முதல்நாள் ஆயுதபூசை. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத் தியாகுவுக்கே பயமாக இருந்தது.

காரணம் இருக்கிறது. மண்முறை வந்த முதல் வருஷம், ஆயுதபூசைக்கு எல்லா ஆயுதத்தையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்த பூங்காவனம், மண்பையையும் விடவில்லை. தன் கையைக் காப்பாற்றிய சாமி அல்லவா அது! இரண்டு கையாலும் திருநீற்றை அள்ளிப் பூசினாள். அதற்குப் பிறகு பானையில் மல்லிகை வரவேயில்லை. காடி நாற்றம்தான் வந்தது. கோகிலா மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தாள். திருநீறு சாம்பல். சாம்பல் அமிலத்துக்குப் பகை. மண்ணின் உடம்பில் ஒட்டியிருந்த புளிப்பையெல்லாம் அது தின்றுவிட்டிருந்தது. மறுபடி அமிலத்தில் வேக வைத்துக் கழுவியதும் மண் உயிர்பெற்றது.

இதைப் பூங்காவனத்திடம் எப்படிச் சொல்வது? உன் திருநீறு கெடுத்துவிட்டது என்று அந்த வாயில்லாப் பூச்சியிடம் சொல்லக் கோகிலாவுக்கு மனம் வரவில்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பூசைக்கு முன்னால் நிஜ மண்பையை எடுத்து ஜாடியில் போட்டு அலமாரியில் பூட்டிவிடுவாள். அதேபோன்ற பையில் சும்மா மண்ணைக் கட்டித் தொங்கவிடுவாள். பூங்காவனம் அதற்கு மனதாரப் பூசை செய்வாள். மறுநாள் கோகிலா பையை மாற்றிவிடுவாள். பூங்காவனத்தின் மனமும் நோகவில்லை, மண்ணும் கெடவில்லை. சேதுராமனுக்கு இது எதுவுமே தெரியாது. அவர் பூசையன்று சுண்டல் தின்பதோடு சரி.

இந்த வருஷம் பையை மாற்ற ஆளில்லை.

பூசைக்கு முன் ஒருநாள் காலையில், பாசாரில் மீன் வாங்கும் இடத்தில், பூங்காவனமே எதிரில் வந்தாள். கோகிலாவைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பசியாறிட்டியா தங்கச்சி? மெலிஞ்சு போயிட்டியே. நீ இல்லாம பட்டறையே வெறிச்சோன்னு கெடக்கு.”

“எனக்கென்ன அக்கா, நல்லாத்தான் இருக்கேன்.”

“இந்த வருஷம் பூசையைப் பெரிசாச் செய்யப்போறேன். துக்காங் எமாஸ் தெருப் புள்ளையார் கோயில்லருந்து ஒரு தட்டு நெறைய துந்நூறு வாங்கி வச்சிருக்கேன். அந்த மண்ணுப் பைக்கு அபிசேகமே செஞ்சுடப் போறேன். ஏன் தெரியுமா?” குரலைத் தாழ்த்தினாள். “மொதலாளி மனசு மாறி உன்னைத் திரும்பக் கூப்புடணும்னு வேண்டிக்கப் போறேன். அந்த மண்ணு உன்னோட புள்ள. அது கேக்கும்.”

பொய் சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் கோகிலாவுக்குச் சொல்லிவிடத்தான் தோன்றியது. பைக்கு வெளியே பானையின் வயிற்றில் பூசுங்கள் அக்கா, பையைத் தொடாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை பூங்காவனத்தின் வாயிலிருந்து சேதுராமனின் காதுக்குப் போகும். மல்லிகை வரும். அவர் மறுபடி மேடையேறுவார், மறுபடி கூட்டம் சிரிக்கும். அதை நினைத்ததும் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

“நல்லாச் செய்ங்க அக்கா” என்றாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது தியாகு கையிலிருந்த சைக்கிள் சங்கிலியைக் கீழே வைத்தார். “அந்தப் பொம்பள என்ன பாவம் செஞ்சா? அவகிட்டயாச்சும் சொல்லிடும்மா.”

“சொன்னா எல்லாம் போச்சு.”

“பின்னாலே அவ தலையில விடிஞ்சா?”

“விடியாது. அவர் என் தலையிலதான் கட்டுவாரு. எனக்கு அவரைத் தெரியும்.” அவளுக்குச் சேதுராமனைத் தெரியும்தான். தன்னைத்தான் அவ்வளவாகத் தெரியவில்லை.

ஆயுதபூசையன்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஊதுபத்தி வாசமும் வந்தது. கோகிலா சைக்கிள் கடைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குறுகுறுவென்று ஊர்ந்தது.

விஜயதசமியன்று பட்டறையின் பின்முற்றத்தில் நாற்காலி போட்டு, மாவிலை கட்டி, தடபுடல் செய்திருந்தார்கள். சேதுராமன் பட்டு ஜிப்பாவில் ஜொலித்தார். லிம் மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானை, குழாய், அடுப்பு எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தார். அழைக்காமலே கோகிலா வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். சேதுராமன் பார்த்துவிட்டார்.

“வாம்மா கோகிலா! நல்ல நேரத்துல வந்தே. கழுவ வேண்டியது நெறைய இருக்கு!”

மறுபடி அதே சிரிப்பு. இந்தத் தடவை கோகிலா பல்லைக் காட்டவில்லை.

பானை கொதித்தது. பூங்காவனம் புதுப்புடவையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். சேதுராமன் கந்தக அமிலத்தை விரட்டியடித்த கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டார். இந்த முறை கதையில் அவருடைய கையிலேயே அமிலம் தெறித்திருந்தது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கதை முடிந்து, காப்பி முடிந்து, வெயில் முற்றத்துக்குள் ஏறிவந்த பிறகும் மல்லிகை வரவில்லை. முதலில் கலியாணசுந்தரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மற்றவர்களும் தேய்த்துக்கொண்டார்கள். லிம் ஒரு காகிதத் துண்டைச் சொட்டில் நனைத்து மோந்தார்.

“பாவு சூக்கா” என்றார். காடி வாசம் என்று அர்த்தம். முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

சேதுராமனுக்கு வேர்த்தது. “அடுப்பை ஒழுங்கா எரிச்சியா நீ?” என்று பூங்காவனத்தின்மேல் பாய்ந்தார். அடுப்பு ஒழுங்காகத்தான் எரிந்தது. அசிட்டிக் அமிலம் பழசு என்றார். லிம் பீப்பாயைத் திறந்து பார்த்து, நல்ல சரக்குதான் என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மலாயிலேயே மெதுவாகக் கேட்டார்: இது நீங்கள் கண்டுபிடித்த முறைதானே? அப்படியானால் இந்த மண் எப்படி வேலை செய்கிறது, ஏன் இன்றைக்குச் செய்யவில்லை, சொல்லுங்கள்.

சேதுராமன் சங்கத் தலைவரைப் பார்த்தார். பத்திரிகைக்காரர் பேனாவும் கையுமாக நின்றார். அப்புறம் அவர் பார்வை கடைசி நாற்காலிக்கு வந்து நின்றது. கோகிலா வா, வா என்று மனதுக்குள் அழைத்தாள்.

“இது என் முறையே இல்லை!” சேதுராமனின் கை நீண்டது. “இதோ உக்காந்திருக்காளே, இவ செஞ்சது! சிங்கப்பூர்ல படிச்சேன்னு வந்து, மண்ணைக் கொண்டாந்து போட்டு, என்னை நல்லா ஏமாத்திட்டா. நானும் நம்பிட்டேன்!”

கோகிலா எழுந்து முன்னால் வந்தாள். “சரியாக் கேக்கலே சார். முறை யாருது?”

“உன்னுதும்மா!”

“மண்ணு?”

“அதுவும் உன்னுது! நீ கண்டுபிடிச்ச கண்றாவி! எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!”

“இவருக்குப் புரியற மாதிரி மலாய்லயும் சொல்லிடுங்க.”

சேதுராமனுக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தது. லிம்மைப் பார்த்து, “டியா புஞ்ஞா! செமுவா டியா புஞ்ஞா!” என்று கத்தினார். எல்லாம் இவளுடையது என்று ஊர் கேட்க, பத்திரிகை கேட்க, சங்கத் தலைவர் கேட்க, தன் வாயாலேயே சொன்னார்.

“அப்ப நான் எடுத்துக்கறேன்” என்றாள் கோகிலா. பானையைத் திறந்து, மண்பையைக் கொக்கியோடு தூக்கி, எனாமல் பேசினில் போட்டுக்கொண்டாள். லிம்மிடம் ஆங்கிலத்தில், நாளை மத்தியானம் சாலைக்கு எதிரே சைக்கிள் கடைக்கு வாருங்கள், இதே மண்ணில் மல்லிகை காட்டுகிறேன் என்றாள். லிம் சந்தேகப் பிராணியாகப் பட்டறையின் பீப்பாய்களிலிருந்து தானே இரண்டு போத்தலில் சரக்கு பிடித்துக்கொண்டு, இதில்தான் செய்ய வேண்டும் என்றார். சேதுராமன் தடுக்கவில்லை. தோல்வியை இவ்வளவு சுலபமாக இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு போகிறாரே என்ற நிம்மதியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோகிலா மண்ணை அமிலத்தில் வேக வைத்தாள், மழைத் தண்ணீரில் கழுவினாள், காய வைத்தாள். மறுநாள் மத்தியானம் சைக்கிள் கடையின் பின்கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பில், படிக்கிற காலத்தில் வாங்கிய கண்ணாடிக் குடுவையில், லிம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் காய்ச்சினாள். சாலையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். கலியாணசுந்தரம் வந்தார், பத்திரிகைக்காரர் வந்தார், கடைக்காரர்கள் வந்தார்கள். எதிர்ப்பக்கம் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் சேதுராமன் நின்றார். மல்லிகை வாசம் சாலையைக் கடந்து அவருடைய கடைக்குள்ளும் போனது. அவர் ஒரு சாளரத்தைச் சாத்தினார். பிறகு இன்னொன்றையும் சாத்தினார்.

லிம் காகிதத்தை மோந்துவிட்டுப் புன்னகைத்தார். எங்கள் சோப்புக்கு இந்த வாசனை வேண்டும், உங்கள் பெயரிலேயே வேண்டும் என்றார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அங்கேதான் கோகிலாவின் வாய் அடங்கவில்லை. மண் பழசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்போது, ரசாயனம் படித்தவளுக்குப் பாதி உண்மை சொல்ல வருமா? சாம்பல் என்றாள். ஆயுதபூசைக்குப் பூசிய திருநீறு மண்ணின் புளிப்பைத் தின்றுவிட்டது என்றாள். தான் இருந்தபோது பையை மாற்றி வைத்த கதையையும் சொன்னாள். எல்லாரும் அடேயப்பா என்றார்கள். அவளுக்கு உடம்பு முழுக்கப் பூரித்தது. மேடையில் கிடைக்காதது அன்றைக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது.

சேதுராமன் அதற்குப் பின் எழுந்திருக்கவில்லை. மேடையில் ஒன்று பேசி முற்றத்தில் ஒன்று பேசியதைப் பத்திரிகை அருகருகே போட்டது. சங்கத்தில் அவர் வாயைத் திறந்தாலே யாராவது, “டியா புஞ்ஞா” என்றார்கள். குழந்தைகள்கூட அவருடைய பலகை முகத்தைப் பார்த்து அதையே சொல்லிவிட்டு ஓடின. ஒருநாள் அவரே படியேறி வந்து, மண்ணைக் கொஞ்சம் கொடு என்று கேட்டார். கோகிலா அவரைச் சைக்கிள்களுக்கு நடுவில் நிற்க வைத்தே பேசினாள். “குடுவை கழுவ ஆள் வேணும் சார். நல்லாக் கழுவறவங்களா இருந்தா அனுப்புங்க” என்று சொல்லி அனுப்பினாள். அன்று இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள். அவளுக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை, வரவும் வேண்டியதில்லை.

ஆனால் சாம்பல் என்று அவள் சொன்ன அன்றைக்கே, அந்தச் சொல் சாலையைக் கடந்து சேதுராமனின் காதில் விழுந்திருந்தது. கட்டுவதற்கு இன்னொரு தலை கிடைத்தது அவருக்கு. வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, நீதாண்டி என் குடியைக் கெடுத்தவள் என்று பூங்காவனத்தைப் பட்டறையை விட்டுத் துரத்தினார். கோகிலாவுக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. லிம்முக்குச் செய்துகொடுக்க நம் பட்டறை வருகிறதே, அங்கே பூங்காவனத்தைத் தலைமை ஆளாகவே வைத்துக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகப் புக்கிட் காதில் என்ற இடத்தில் அவள் குடியிருந்த பலகை வீட்டுக்குப் போனாள்.

பூங்காவனம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் எதுவும் இல்லை. கோகிலாவைப் பார்த்து எழுந்தாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

“அக்கா, நீங்க எங்கூட வந்துடுங்க. அந்த ஆளு கெடக்கறான்.”

“நெசமாவே துந்நூறுதான் கெடுத்துச்சா தங்கச்சி?”

“ஆமா அக்கா. உங்க மேல தப்பு இல்ல. உங்களுக்குத் தெரியாதில்ல?”

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.” பூங்காவனம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “மின்ன எல்லாம் நான் பூசை செஞ்சது வேற மண்ணுன்னு சொன்னாங்க. அதுவும் நெசமா?”

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அக்கா அப்படிச் செஞ்சேன்.”

“சரி. அது நோகக் கூடாதுன்னு.” வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “பாசார்ல உன் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேனே, ஒரு தட்டு துந்நூறு வாங்கி வச்சிருக்கேன், உனக்காக வேண்டிக்கப் போறேன்னு. அப்ப உனக்கு மறந்து போச்சா? பேச்சு வாக்குல நெனப்பு வரலையா?”

அவள் கண் கோகிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கோகிலாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. சேதுராமன் மாதிரி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, நிமிர்ந்து நின்று உண்மையைச் சொன்னாள்.

“மறக்கலே அக்கா. தெரிஞ்சேதான் விட்டேன்.”

“இதுக்காச்சும் ஒரு பொய் சொல்லக் கூடாதா தங்கச்சி?” என்றாள் பூங்காவனம். “மறந்துட்டேன்னு நீ சொல்லியிருந்தா, நான் இப்பவே உங்கூட வந்திருப்பேனே.”

அவள் குனிந்து துணியை எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினாள். கோகிலா வெயிலில் அங்கேயே நின்றாள். பூங்காவனம் எல்லாத் துணியையும் துவைத்து முடித்து, அலசிப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு, அவளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.